அக்காவின் வயிறும் ஆவணிக் கல்யாணமும்

பீளமேடு, கோவை
2.6.2025

அன்புத் தம்பி மதனுக்கு,

நீ அனுப்பிய மல்லிகைப்பூ இப்போது எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மனைவியின் தலையில் மணக்கிறது. பூவில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இருக்குமாம். பச்சைப்பூ, பச்சைக்காய், தயிர், இளநீர் எதுவும் எனக்கு ஆகாது என்று டிஸ்சார்ஜ் ஆன அன்றே சொன்னார்கள். நீயும் பக்கத்தில் நின்று மண்டையை ஆட்டினாய். ஆடியது மண்டை மட்டும்தான் போலிருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். பேசினால் வாய்ப்புண் எரிகிறது. எரிச்சலோடு பேசினால் நமக்குள் சண்டை வருகிறது. எரிச்சல் இல்லாமல் பேசினாலும் வருகிறது. மெசேஜ் அடிக்கலாமென்றால் போன் திரையைப் பார்த்ததும் குமட்டுகிறது. என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, வாரத்தில் இரண்டு நாள் உரக்கடையைப் பார்க்கச் சத்திக்கு வருகிறாரே, அவர் சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அவர் கையில் கொடுத்துவிடு.

உன் ஸ்டெம் செல் எனக்குள் நன்றாக ஒட்டிக்கொண்டதாம். ரத்த அணுக்கள் ஏறுகின்றன, புற்று போன இடம் தெரியவில்லை. டாக்டர் உமர் பாரூக்குக்கு ஒரே சந்தோஷம். என் ரத்த குரூப்பே மெல்ல மெல்ல உன்னுடையதாக மாறிவிடுமாம். முப்பத்தாறு வருஷம் ஓ பாசிட்டிவாக மானத்தோடு வாழ்ந்தவள் நான்.

வயிறுதான் இன்னும் வழிக்கு வரவில்லை. எதைத் தின்றாலும் அட்டையை மென்றது மாதிரி இருக்கிறது. டாக்டர் ‘எல்லாம் நல்லா வெந்திருக்கோணும்’ என்று சொன்னாலும் சொன்னார், என் மாமியார் பங்காரம்மா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். சாதம் குக்கரில், ரசம் குக்கரில், குடிக்கிற தண்ணீரும் குக்கரில். போன வாரம் என் ஸ்பூனை மட்டும் தனியாகப் போட்டு விசில் விட்டார்.

ஆவணியில் உன் கல்யாணம். இணைச்சீருக்கு மாப்பிள்ளையோடு மனையில் உட்கார அக்காவோ தங்கையோ வேண்டும். அம்மாவும் அப்பாவும் போன பிறகு உனக்கு இருப்பது நான் ஒருத்திதான். கூறைச்சேலையின் ஒரு முனை உன் கையிலும் மறுமுனை என் கையிலும் இருந்து அந்தச் சீர் முடிந்தால்தான் நீ கோகிலவாணிக்குத் தாலி கட்டப் போகமுடியும். டாக்டரிடம் கேட்டேன். ‘வயிறு அடங்கி எடையும் ஏறினா, மாஸ்க் போட்டுட்டு ஒரு மணி நேரம் போயிட்டு வரலாமுங்க்கா. வயிறு இப்ப எப்படி இருக்குது?’ என்றார்.

‘நல்லா இருக்குதுங்க’ என்றேன்.

நிஜம் வேறு. அது உனக்கு மட்டும். மாமாவிடம் மூச்சுவிடாதே.

உன் அக்கா,
லோகப்பிரியா


சத்தியமங்கலம்
6.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மதன் எழுதிக்கொள்வது. பூவுக்கு மன்னிக்கவும். வாட்ச்மேன் வீட்டம்மாவாவது நன்றாக இருக்கட்டும். அன்றைக்கு மார்க்கெட்டில் முதல் தரமாக வந்த பூ அது என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் என் செல்களைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தவேண்டும். அதற்காகத் தினமும் ஊசி போட்டுக்கொண்டு, இடுப்பெலும்பெல்லாம் குடைய, மிஷினோடு கையைக் கட்டிப்போட்டு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தவன் நான். அவை சத்தியமங்கலத்தில் கொள்ளுப்பருப்பும் கோழிக்குழம்பும் தின்று வளர்ந்தவை. குக்கர் ரசத்தை ஊற்றினால் அவற்றுக்குக் கோபம் வராதா?

காளிச்சாமி பெரியப்பா நேற்று வந்தார். நமக்குத்தான் பெரியப்பா, ஊருக்கு அவர் அருமைக்காரர். நம் பக்கத்துக் கல்யாணத்தில் அவர் முன்னால் நின்று நடத்தாத சீர் செல்லாது. அந்த மிடுக்கோடு நாற்காலியில் உட்கார்ந்து, ‘ஏண்டா மதனு, லோகாவுக்கு அன்னைக்கு முடியாமப் போச்சுன்னா என்ன பண்ணுவே? என்ர மக ரங்கநாயகியும் உனக்கு அக்காதான? அவள உக்கார வெச்சுக்கலாம்’ என்றார். நான் ‘பார்க்கலாமுங்க பெரியப்பா’ என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கோகிலவாணி பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பு கம்பெனி வேலை முடிந்ததும் தினமும் போன் செய்கிறாள். ‘அக்கா சாப்பிட்டாங்களா?’ என்றுதான் ஆரம்பிக்கிறாள். நான் சாப்பிட்டேனா என்று இதுவரை கேட்டதில்லை.

ஒன்று கேட்கிறேன். ‘நிஜம் வேறு’ என்று எழுதி நிறுத்திவிட்டீர்களே, எது அந்த நிஜம்?

தம்பி,
மதன்குமார்


பீளமேடு
17.6.2025

அன்புத் தம்பிக்கு,

ரங்கநாயகியா! அவள் உன்னைக் கடைசியாக உற்றுப் பார்த்ததே உனக்குக் காது குத்திய அன்றுதான். நான் உயிரோடு இருக்கும்போது அந்த மனையில் இன்னொருத்தி உட்கார்ந்துவிடுவாளா? பெரியப்பாவிடம் மோரைக் கொடுத்ததற்குப் பதில் இதைச் சொல்லியிருக்கலாம்.

நிஜம் கேட்டாய். சாப்பிடும்போது படிக்காதே. வாய்வழியாகப் போவது எதுவும் உள்ளே தங்குவதில்லை. அத்தை டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் கஞ்சி வெளியே வந்துவிடுகிறது, வெறும் தண்ணீராக. அடிவயிற்றை யாரோ துணி பிழிவது போலப் பிழிகிறார்கள். கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடந்து மாளாமல் பாத்ரூம் வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டுக்கொண்டேன். இப்போது அதுதான் என் வரவேற்பறை. உள்ளே சுவர் டைல்ஸில் ஒரு மயில் இருக்கிறது, என்னையே முறைக்கும். உன் கடிதம் வந்த அன்று அதற்குக் காளிச்சாமி என்று பெயர் வைத்தேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் பாதிதான் தெரியும். டாக்டருக்கு அதுவும் தெரியாது. அவரைப் பார்க்கப் போவதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்திருக்கிறேன். முதல் நாள் மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடுவதில்லை. அத்தை அசந்த நேரம் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றிவிடுவேன். வயிற்றில் ஒன்றும் இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் அது சத்தம் போடாது. எடை பார்க்கும்போது ஸ்வெட்டர், அதற்குமேல் சால்வை, இடுப்பில் மாமாவின் கடைச் சாவிக்கொத்து. நர்ஸம்மா ‘பரவாயில்லையே, எறங்கலையே’ என்கிறார்.

எனக்கு மட்டும் ஆசையா பொய் சொல்ல? அந்த டாக்டர் உன் வயசுப் பிள்ளை. என்னை உயிரோடு மீட்டுக் கொடுத்துவிட்டு, நல்ல வார்த்தை கேட்கலாமென்று முகத்தைப் பார்க்கிறார். அவரிடம் போய் என் வயிற்றுப்போக்கைப் பற்றி எப்படிப் பேசுவது? அதையும் மீறிச் சொன்னால் ஆவணிக்கு விடமாட்டார். இன்னும் இரண்டு மாதம்தானே, ஓட்டிவிடுவேன்.

உன் அக்கா,
லோகா


ஆஸ்பத்திரி கேண்டீன், கோவை
19.6.2025

அக்கா,

இதை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்கள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இன்றைக்கு இல்லை.

கடிதம் நேற்று வந்தது. மயிலுக்குப் பெயர் வைத்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். கஞ்சியைத் தொட்டியில் ஊற்றுகிறீர்கள் என்று படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காலையில் நம் தோட்டத்தில் பூ எடுப்பவர்களை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சாவிக்கொத்து உட்பட.

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ‘நான் கோட்டைமேட்டுல பொறந்து வளந்தவன். எங்கம்மாவே இப்படித்தான், வைத்தியம் பாக்கறவங்க மனசு நோகக்கூடாதுன்னு காய்ச்சலோட பிரியாணி தின்னுட்டு நல்லா இருக்கறேம்பாங்க. அப்படியிருந்தும் ஏமாந்துட்டேன் பாருங்க’ என்றார். பிறகு சிரிக்கவில்லை. ‘உங்க செல்லு அவங்க குடல எதிரின்னு நெனச்சுத் தாக்குதோன்னு சந்தேகமா இருக்குது. விட்டா ரத்தமே போகும். இன்னைக்கே அட்மிட் பண்ணோணும்’ என்றார். போன் செய்ததும் ஓடிவந்த மாமா உங்களைக் கூட்டிவரக் கிளம்புகிறார்.

திட்டுங்கள். படுத்துக்கொண்டு திட்டுங்கள், அதுபோதும்.

மதன்


வார்டு
27.6.2025

திரு. மதன்குமார் அவர்களுக்கு,

உங்களுக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தாள். ஒரு ரகசியத்தை இரண்டு நாள் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத தம்பிக்கு அவள் இனி எழுதமாட்டாள். இது தகவலுக்காக மட்டும்.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். எந்தப் பக்கமிருந்து என்று எழுதமாட்டேன். குடலில் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டது சரி. என்னைக் காப்பாற்ற வந்த உன் செல்களே என் குடலைப் போட்டு அடிக்கின்றன. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், உன் தசை எனக்குள் கரகாட்டமே ஆடுகிறது. சின்ன வயதில் என் தட்டில் இருந்த கச்சாயத்தைப் பிடுங்கித் தின்றவன், இப்போது உள்ளேயே உட்கார்ந்துகொண்டு நான் தின்பதையெல்லாம் பிடுங்குகிறாய்.

ஸ்டீராய்டு ஏறுகிறது. வாய்வழியாகச் சொட்டுக்கூடக் கிடையாது, சாப்பாடெல்லாம் நரம்பு வழியாகத்தான். அத்தைக்குச் சமைக்க வேலையில்லாமல் கை பரபரக்கிறது.

‘இன்னும் ஒரு வாரம் மறைச்சிருந்தீங்கன்னா...’ என்று ஆரம்பித்த டாக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அவர் சொல்லாமல் விட்டது என்னைப் பிடித்துக்கொண்டது. தம்பி, எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது. புற்று என்று சொன்ன அன்றுகூட யாரிடமும் இதைச் சொன்னதில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நான் சிரித்து வைப்பேன்.

இந்த வருஷம் மண்டபம், கூட்டம் எதுவும் கிடையாது என்று டாக்டர் தீர்த்துச் சொல்லிவிட்டார். உன்மேல் கோபமெல்லாம் அதற்குத்தான். நீ செய்தது சரியென்று தெரிகிறது. தெரிந்தும் கோபம் போகமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
லோகப்பிரியா


சத்தியமங்கலம்
30.6.2025

மரியாதைக்குரிய திருமதி லோகப்பிரியா அவர்களுக்கு,

தங்கள் தகவல் கிடைத்தது. என் செல்கள் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். புது வீட்டில் ஆள் அடையாளம் தெரியாமல் கை வைத்துவிட்டன. பழகினால் சரியாகிவிடும். மாமாவோடு பழக எனக்கே மூன்று வருஷம் பிடித்ததே.

அக்கா, போதும் விளையாட்டு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குத் திரும்பி வரும்போது புளியம்பட்டி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் ‘ஏனுங் தம்பி, ஊட்டுல ஏதாச்சும் விசேசமுங்களா?’ என்று கேட்டார். புற்றுநோய் உங்களை ஏதாவது செய்திருந்தால் சாமியைத் திட்டியிருப்பேன். நான் கொடுத்ததே உங்களைக் கொன்றுவிட்டால் யாரைத் திட்டுவது? இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உங்கள் பட்டினி எனக்கும் தொற்றிக்கொண்டது.

கல்யாணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. பெரியப்பாவிடம் சொல்லிவிட்டேன், ‘அக்கா இல்லாம நான் மனையில உக்கார மாட்டனுங்க’ என்று. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோகிலா வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தையோ மாசியோ, நீங்கள் எழுந்து வந்த பிறகுதான்.

தம்பி


பீளமேடு
20.7.2025

அன்புத் தம்பிக்கு,

கோபம் தீர்ந்துவிட்டது. ஸ்டீராய்டு பசியில் கோபத்தையும் தின்றுவிட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்துவிட்டேன். முகம் பூசணிக்காய் மாதிரி உருண்டுவிட்டது. காலையில் இட்லி வாயில் இருக்கும்போதே மத்தியானத்துக்கு என்ன என்று கேட்கிறேன்.

உன் ஆட்கள் அடங்கிவிட்டார்கள். முதலில் கஞ்சித் தண்ணீர், அப்புறம் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம் என்று ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தார்கள், தங்கிவிட்டது. நேற்று அத்தை சந்தகை பிழிந்து வெறும் உப்புப் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் வைத்ததும் நாக்கில் சுருக்கென்று ஏதோ பட்டது. ‘உப்புக் கொஞ்சம் அதிகமுங்க அத்தே’ என்றேன். அத்தை கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, ‘ருசி தெரியுதா கண்ணு?’ என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமகள் குறை சொல்லி மாமியார் ஆனந்தப்பட்டது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும்.

டாக்டர் இப்போது என்னை நம்புவதில்லை. நான் பதில் சொன்னால் அத்தை முகத்தைப் பார்க்கிறார். அத்தை தலையசைத்தால்தான் எழுதிக்கொள்கிறார்.

இனி நான் சொல்வதைக் கேள். கல்யாணத்தைத் தள்ளாதே. உனக்காக ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு நானும் மாமாவும் ஏறாத வாசல் இல்லை. நம் பக்கத்தில் இன்று ஒரு பையனுக்குப் பெண் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? அதிலும் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிற பெண் இனிமேல் எங்கே கிடைப்பாள்? என் வயிற்றை நம்பி எந்த முகூர்த்தமும் குறிக்கமுடியாது. ஆவணியிலேயே முடித்துவிடு. ரங்கநாயகியை உட்கார வை. மனதாரச் சொல்கிறேன்.

இல்லை, இனிப் பொய் வேண்டாம். மனதாரச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்கிறேன், உட்கார வை.

அக்கா


சத்தியமங்கலம்
2.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோகிலாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு நேராகப் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். என்னையும் அங்கே வரச் சொன்னாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

‘இணைச்சீர மண்டபத்துலதான் செய்யோணுமுங்களா மாமா?’ என்று கேட்டாள்.

‘அதெல்லாம் இல்லம்மிணி. அது மாப்பிள்ளை ஊட்டுச் சீரு. அந்தக் காலத்துல ஊட்டுலதான் செஞ்சாங்க, மண்டபமெல்லாம் இப்ப வந்தது’ என்றார் பெரியப்பா.

‘அப்ப மாப்பிள்ளை ஊடு எதுங்க?’

‘இதென்ன கேள்வி? சத்தியமங்கலந்தான்.’

இந்த இடத்தில் எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. ‘இல்லீங்க பெரியப்பா. என்ர ரத்தமே பீளமேட்டுலதானுங்க ஓடுது. அக்கா இருக்கற ஊடுதான் என்ர ஊடு’ என்றேன்.

பெரியப்பா வெற்றிலையை மென்று முடித்தார். எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, ‘டாக்டர ஒரு வார்த்தை கேட்டுபோட்டு வா’ என்றார்.

கேட்டுவிட்டேன். டாக்டர் சம்மதம் சொல்லிவிட்டார். சளி, காய்ச்சல் இல்லாத நாலு பேர் மட்டும், எல்லோருக்கும் மாஸ்க், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பூ வேண்டாம், சாம்பிராணி வேண்டாம், யாரும் உங்களைத் தொடக்கூடாது. பெரியப்பா அருமைக்காரராகி இத்தனை வருஷத்தில் பூவில்லாத சீரை நடத்தியதில்லையாம். ரங்கநாயகி அக்காதான் ‘பூவுக்குப் பதிலா மஞ்சள் வெச்சுக்கலாமுங்கப்பா’ என்று சொல்லி வழிக்குக் கொண்டுவந்தார். அவரை இனித் திட்டாதீர்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வருகிறோம். கூறைச்சேலையைக் குக்கரில் வைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் அத்தையிடம் சொல்லுங்கள்.

தம்பி


பீளமேடு
31.8.2025

என் கண்ணு மதனுக்கு,

இந்த நேரம் நீ தாலி கட்டிக்கொண்டிருப்பாய். மாமா அங்கிருந்து வீடியோவில் காட்டுகிறேன் என்றார். அவர் போனைப் பிடித்தால் மண்டபத்துக் கூரைதான் தெரியும். அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று உனக்குத் தெரியாமல் ஒன்று நடந்தது, அதைச் சொல்லவேண்டும்.

காலையிலிருந்து வயிறு பெட்டிப்பாம்பாக இருந்தது. பெரியப்பா மாஸ்க்குக்குள் மீசை குத்துகிறது என்று முனகிக்கொண்டே ஆரம்பித்தாரே, சேலை முனையைக் கையில் வாங்கினேனே, அந்த நிமிஷம் பார்த்து அடிவயிறு பிழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இத்தனை நாள் காத்திருந்த சீர், இதில் போய் எழுந்திருப்பதா? பெரியப்பா, ‘என்னம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?’ என்று கேட்டதும் ஒன்றுமில்லீங்க என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதியில் நிறுத்தியது நினைவுக்கு வந்தது. ‘பெரியப்பா, எனக்குப் பாத்ரூம் போகோணுமுங்க’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

‘சீர் பாதியில எந்திரிக்கக் கூடாதே அம்மிணி’ என்று அவர் இழுத்தார். நீ அவரைப் பார்க்கவே இல்லை. என் கையிலிருந்த முனையை எட்டி வாங்கிக்கொண்டு, ‘போயிட்டு வாங்கக்கா, ரெண்டு முனையும் நான் புடிச்சிருக்கறேன்’ என்றாய்.

கவலைப்படாதே, ஒரே தடவைதான். நேற்று ராத்திரியே நானாக டாக்டருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். ‘பயப்பட ஒண்ணுமில்லீங்க்கா, நாளைக்கும் அப்படி இருந்தா வாங்க’ என்றார். இன்று அப்படி இல்லை.

நான் சொல்ல வந்தது இதில்லை. கையைக் கழுவிவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்தேன். நீ மனையில் உட்கார்ந்து, கூறைச்சேலையின் இரண்டு முனையையும் இரண்டு கையில் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாய். பட்டு நழுவ நழுவ இழுத்துப் பிடித்தாய். பெரியப்பா, ‘மடியில வெச்சுக்கடா, கை கடுக்கப் போகுது’ என்றார். நீ, ‘இருக்கட்டுமுங்க பெரியப்பா, அக்கா வந்துருவாங்க’ என்றாய். பாத்ரூம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் அவசரப்படுவேன் என்று நினைத்திருப்பாய்.

போன காரியம் எப்போதோ முடிந்துவிட்டது, தம்பி. நான் வேண்டுமென்றேதான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

உன் அக்கா,
லோகப்பிரியா